அரிஸ்டோலோக்கியா மூலிகைகளும் சீன மரபு மருத்துவமும்

அரிஸ்டோலோக்கியா என்பது வெப்ப, மிதவெப்ப நாடுகளில் வளரும் கொடிகளும் செடிகளும் அடங்கிய ஒரு தாவரப் பேரினம். தமிழில் ஈஸ்வரமூலி, ஆடுதீண்டாப்பாளை என அறியப்படும் இரண்டும் இப்பேரினத்தைச் சேர்ந்தவையே. இதன் பல இனங்களின் வேர், தண்டு, காய் ஆகியவை சீன மரபு மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்துள்ளன. இவற்றிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைக்கிறது. சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்குகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் இப்பேரின மூலிகைகள் சேர்ந்த மருந்துகளை 'மனிதரில் புற்றுநோய் உண்டாக்குபவை' என்னும் முதல் பிரிவில் வைத்தது. புகையிலைப் புகையும் கல்நாரும் இடம்பெற்றிருக்கும் பிரிவு அது.

சீன மருத்துவத்தின் நச்சு மூலிகைகள் பற்றிப் பேசுவோர் இருவகைப்படுகின்றனர். ஒரு சாரார் அம்மருத்துவமே மூடநம்பிக்கை என ஒதுக்குகின்றனர். மறுசாரார், ஈராயிரம் ஆண்டுகளாகக் கோடிக்கணக்கானோர் உண்டு பார்த்த மருந்துக்கு வேறென்ன சோதனை வேண்டும் என்று கேட்கின்றனர். இரண்டாவது கேள்வி எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. மரபின் அனுபவம் உண்மையில் எதைக் கண்டுபிடிக்க வல்லது, எதைக் கண்டுபிடிக்க இயலாதது என்று பிரித்துப் பார்த்தால்தான் அதற்கு விடை கிடைக்கும். அரிஸ்டோலோக்கியாவின் கதை அந்தப் பிரிவினையைத் தெளிவாகக் காட்டுகிறது.

மரபு அறிந்த நஞ்சு

சீன மருத்துவம் நச்சுத்தன்மையை அறியாத மருத்துவம் அன்று. அதன் மிகப் பழைய மருந்து நூலாகக் கருதப்படும் 'ஷென்நோங் பென் சாவோ ஜிங்' 365 மருந்துகளை மேல், நடு, கீழ் என மூன்று தரங்களாகப் பிரிக்கிறது. மேல்தர மருந்துகள் நஞ்சற்றவை, நெடுநாள் உண்ணத்தக்கவை. கீழ்தர மருந்துகள் நஞ்சுள்ளவை, நோய் தீர்ந்ததும் நிறுத்த வேண்டியவை. நஞ்சின் அளவே மருந்துகளை வகைப்படுத்தும் அடிப்படைகளுள் ஒன்றாக இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இந்த அறிவின் சிறந்த எடுத்துக்காட்டு நாபி. தமிழ் மருத்துவத்தில் நாபி, வச்சநாபி என வழங்கும் செடியின் உறவினங்களைச் சீனர் ஃபூ ஸி, ச்சுவான் வூ, சாவோ வூ என்ற பெயர்களில் பயன்படுத்துகின்றனர். பதப்படுத்தாத கிழங்கை உண்டவருக்குச் சிறிது நேரத்திலேயே உதடும் நாக்கும் மரத்துப்போகும். பின்னர் இதயத் துடிப்பு தாறுமாறாகும். சில மணி நேரத்தில் மரணமும் நேரலாம். காரணமும் விளைவும் ஒரே பொழுதில், ஒரே வீட்டில் நிகழ்கின்றன. எவர் கண்ணுக்கும் அது தப்பாது. எனவே கிழங்கை நீரில் பலமுறை ஊறவைத்தல், நீண்ட நேரம் வேகவைத்தல் போன்ற முறைகளை அம்மரபு உருவாக்கிக் கொண்டது. இன்றைய வேதியியல் அம்முறைகளைச் சரியென்றே சொல்கிறது. நாபியிலுள்ள அகோனிட்டின், நீரில் கொதிக்கும்போது சிதைந்து நச்சு மிகக் குறைந்த வேறு சேர்மங்களாக மாறுகிறது. வேதியியலின் துணையின்றியே மரபு கண்டடைந்த உண்மை இது. இன்றும் சீனாவிலும் ஹாங்காங்கிலும் நாபி நச்சேற்றம் நிகழத்தான் செய்கிறது; ஆனால் அவை பெரும்பாலும் அளவு மீறியதாலோ சரியாக வேகவைக்காததாலோ நேர்பவை. மரபின் விதியை மீறியவர்களுக்கு நேரும் விபத்துகள் அவை.

சீன அரசு 1988இல் வெளியிட்ட நச்சு மருந்துக் கட்டுப்பாட்டு விதிகளில் 28 மரபு மருந்துப் பொருள்கள் பட்டியலிடப்பட்டன. பதப்படுத்தாத நாபிக் கிழங்கு, பாஷாணம், எட்டி விதை போன்றவை அதில் உள்ளன. அவற்றுள் பல விரைந்து கொல்பவை. அரிஸ்டோலோக்கியா இனம் ஒன்றுகூட அப்பட்டியலில் இல்லை.

பிரஸ்ஸல்ஸில் வெளிப்பட்ட நோய்

1992இல் பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் ஐம்பது வயதுக்குட்பட்ட இரண்டு பெண்களுக்குச் சிறுநீரகம் விரைந்து செயலிழந்தது. திசுவை எடுத்துப் பார்த்தபோது இருவருக்கும் ஒரே வகையான சிதைவு: வடிப்பான்கள் ஓரளவு தப்பியிருக்க, அவற்றுக்கிடையேயான திசு முழுவதும் தழும்பாக இறுகியிருந்தது. இருவரும் ஒரே உடல் மெலிவு நிலையத்தில் மருந்து உண்டவர்கள். நகரின் பிற சிறுநீரக மருத்துவப் பிரிவுகளில் விசாரித்தபோது அதே நிலையத்துக்குச் சென்ற மேலும் ஏழு பெண்கள் கண்டறியப்பட்டனர். 1993இல் 'லான்செட்' இதழில் இச்செய்தி வெளிவந்தது. பின்னர் இந்த எண்ணிக்கை நூற்றைத் தாண்டியது.

அந்நிலையம் பதினைந்து ஆண்டுகள் சிக்கலின்றி இயங்கி வந்த ஒன்று. 1990இல்தான் அதன் மருந்துக் கலவையில் இரண்டு சீன மூலிகைகள் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா. நம் சீந்தில் கொடியின் குடும்பத்தைச் சேர்ந்த இதற்குச் சீனத்தில் ஹன் ஃபாங் ஜி என்று பெயர். பெல்ஜியத்துக்கு வந்து சேர்ந்த பொடியில் இருந்ததோ பெரும்பாலும் குவாங் ஃபாங் ஜி, அதாவது அரிஸ்டோலோக்கியா ஃபாங்ச்சி. இரண்டும் சீன மருந்துக் கடையில் 'ஃபாங் ஜி' என்ற ஒரே பெயரில் வழங்கியவை. ஒன்றுக்கு ஈடாக மற்றதைப் பயன்படுத்துவது அங்கு வழக்கமே. 1994இல் அப்பொடிகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருப்பது உறுதியானது.

சிறுநீரகம் செயலிழந்தது முதல் கட்டம் மட்டுமே. நோயாளிகளில் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் தோன்றவே, டயாலிசிஸிலும் மாற்றுச் சிறுநீரகத்திலும் வாழ்ந்துகொண்டிருந்தவர்களிடம், பயனிழந்த பழைய சிறுநீரகங்களையும் சிறுநீர்க் குழல்களையும் முன்னெச்சரிக்கையாக அகற்றிவிடலாம் என்று மருத்துவர்கள் கூறினர். 39 பேர் ஒப்புக்கொண்டனர். அவர்களில் 18 பேருக்கு ஏற்கெனவே புற்று இருந்தது. எஞ்சிய 21 பேரில் 19 பேருக்குப் புற்றுக்கு முந்தைய உயிரணு மாற்றங்கள் காணப்பட்டன. மாற்றம் ஏதுமின்றி இருந்தவர் இருவர் மட்டுமே. 2000ஆம் ஆண்டில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்ட இந்த ஆய்வுக்குப் பின்னர் பல நாடுகள் இம்மூலிகைகளைத் தடைசெய்தன.

சொல்லப்படும் சமாதானங்கள்

பெல்ஜிய நிகழ்வுக்குப் பின் சீன மருத்துவ ஆதரவாளர்கள் முன்வைத்த மறுப்புகளில் நியாயம் இல்லாமல் இல்லை. உடல் மெலிவதற்காக ஃபாங் ஜி கொடுப்பது சீன மருத்துவ முறையே அன்று. அந்நிலையத்தின் கலவையில் பசியடக்கும் மேலைநாட்டு மருந்துகளும் சேர்ந்திருந்தன. கஷாயமாக அல்லாமல் பொடியாக, மாதக்கணக்கில் கொடுக்கப்பட்டது. நாடி பார்த்து, நோயாளியின் இயல்பறிந்து மருந்து தேரும் வைத்தியர் யாரும் அங்கில்லை. ஆகவே பிழை மருந்தில் இல்லை, பயன்படுத்தியவரிடம் உள்ளது என்பது அவர்கள் வாதம்.

இவ்வாதம் நீடிக்கவில்லை. 1999இல் பிரிட்டனில் இரு பெண்களுக்கு இதே நோய் கண்டது. அவர்கள் தோல் அரிப்புக்காகச் சீன மூலிகை மருந்து உண்டவர்கள். அதிலிருந்தது 'மு தோங்'. உடல் மெலிவுக் கலவை ஏதும் அங்கில்லை. அதைவிட முக்கியமானது, சீனாவிலிருந்தே வந்த சான்று. மு தோங் உண்டபின் சிறுநீரகம் செயலிழந்த இருவரைப் பற்றிய மருத்துவக் குறிப்பு 1964லேயே ஒரு சீன மருத்துவ இதழில் வெளிவந்திருந்தது. பெல்ஜியப் பெண்கள் நோயுறுவதற்குச் சுமார் கால் நூற்றாண்டுக்கு முன் அச்சான குறிப்பு அது. யாரும் அதைப் பின்தொடரவில்லை.

மு தோங்கின் வரலாறும் ஃபாங் ஜியின் வரலாற்றைப் போன்றதே. பழைய நூல்கள் சொல்லும் மு தோங், அகேபியா என்ற தீங்கற்ற கொடி. இருபதாம் நூற்றாண்டில் அதன் இடத்தை வடகிழக்குச் சீனாவில் மலிவாகக் கிடைத்த 'குவான் மு தோங்' எனும் அரிஸ்டோலோக்கியா மஞ்சூரியென்சிஸ் பிடித்துக்கொண்டது. க்ளெமாட்டிஸ் இனக் கொடி ஒன்றும் மு தோங் என்ற பெயரில் விற்கப்பட்டது. மூன்று வெவ்வேறு குடும்பத் தாவரங்களுக்கு ஒரே கடைப்பெயர். 'கல்லீரல் சூடு' தணிக்கும் புகழ்பெற்ற பழைய மருந்தான லோங் தான் ஷியே கான் மாத்திரையிலும் இந்த மாற்று மூலிகை நுழைந்தது. கண் சிவப்பு, வாய்க் கசப்பு, காது இரைச்சல் போன்றவற்றுக்காக மருந்துச் சீட்டின்றி வாங்கி, சிலர் ஆண்டுக்கணக்கில் விழுங்கிவந்த மாத்திரை அது. 2003இல் சின்ஹுவா செய்தி நிறுவனம் அம்மாத்திரையால் சிறுநீரகம் இழந்தவர்களைப் பற்றி எழுதிய பின்னரே சீன அரசு குவான் மு தோங்கை நீக்கி, மாத்திரைக்கு மீண்டும் அகேபியாவையே பயன்படுத்த ஆணையிட்டது. அடுத்த ஆண்டு குவாங் ஃபாங் ஜியும் நீக்கப்பட்டது.

ஈராயிரம் ஆண்டு அனுபவம் என்ற வாதத்தின் முதல் ஓட்டை இங்கே தெரிகிறது. அனுபவம் ஒரு தாவரத்தைப் பற்றியது. விற்கப்பட்டது வேறொரு தாவரம். பெயர் தொடர்ந்தது, பொருள் மாறிவிட்டது. நூலின் பழமையை மருந்தின் பழமையாக எடுத்துக்கொள்ள முடியாது.

எனினும் பெயர் மயக்கத்தோடு இதை முடித்துவிடுவதும் ஒரு தப்பித்தலே. ஏனெனில் எவ்வகை மயக்கமும் இன்றி, அரிஸ்டோலோக்கியா என்று தெரிந்தே பயன்பட்ட மருந்துகளும் உண்டு. இருமலுக்குக் கொடுக்கப்பட்ட மா தோ லிங் அரிஸ்டோலோக்கியாவின் காய். பல நூற்றாண்டுகளாக நூல்களில் இடம்பெற்ற மருந்து. இதை ஏன் மரபு கண்டுகொள்ளவில்லை?

தாமதமாகக் கொல்லும் நஞ்சு

காரணம், இந்த நஞ்சு வேலைசெய்யும் விதத்தில் இருக்கிறது. உடலுக்குள் சென்ற அரிஸ்டோலோக்கிக் அமிலம் நொதிகளால் மாற்றமடைந்து டிஎன்ஏவிலுள்ள அடினினோடு ஒட்டிக்கொள்கிறது. இந்த ஒட்டு சிறுநீரகத் திசுவில் பல ஆண்டுகள் அழியாமல் கிடக்கும். உயிரணு பிரியும்போது அடினின் இருந்த இடத்தில் தைமின் வந்தமர்கிறது. இவ்வாறு சேரும் பிழைகளுள் ஒன்று, புற்றைத் தடுக்கும் TP53 போன்ற மரபணுவில் விழுந்தால் புற்றுநோய்க்கு வழி திறக்கிறது. நாபியைப் போல் இதை வேகவைத்து முறிக்க முடியாது. அமிலம் கொதிநீரிலும் பெருமளவு நிலைத்து நிற்கிறது.

இனி, ஒரு வைத்தியரின் இடத்திலிருந்து பார்க்கலாம். இருமலோடு வந்தவருக்கு மா தோ லிங் கொடுக்கிறார். இருமல் அடங்குகிறது. நோயாளி நன்றி சொல்லிப் போகிறார். பத்து, இருபது ஆண்டுகள் கழித்து அவர் சிறுநீரில் இரத்தத்தோடு வேறொரு ஊரில் வேறொரு வைத்தியரிடம் செல்கிறார். பழைய இருமலை யார் நினைவில் வைத்திருப்பார்? முதல் வைத்தியரின் ஏட்டில் அது வெற்றியாகவே பதிவாகியிருக்கும். சிறுநீரகச் சிதைவும் ஓசையின்றியே நடக்கிறது. வீக்கம் பெரிதாக இராது; சோர்வும் வெளிறலும்தான் தெரியும். அவற்றுக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். மேலும் உண்டவர் அனைவருக்கும் நோய் வருவதில்லை. பிரஸ்ஸல்ஸில் அக்கலவையை உண்டோர் 1,500க்கும் மேல் என மதிப்பிடப்படுகிறது. சிறுநீரகம் கெட்டவர்கள் அவர்களில் ஒரு சிறு பங்கினரே. இருபதில் ஒருவருக்கு, பல ஆண்டுகள் கழித்து, தொடர்பற்றதாகத் தோன்றும் ஓர் உறுப்பில் வரும் நோயைத் தனி மனிதரின் கூர்ந்த நோக்கு எவ்வளவு தலைமுறை நீண்டாலும் பிடித்துவிட இயலாது. அதற்குப் பதிவேடும் எண்ணிக்கையும் ஒப்பீடும் வேண்டும்.

ஷி ஷின் என்னும் மூலிகை இதற்கு இன்னொரு சான்று. இதுவும் அரிஸ்டோலோக்கியாவின் குடும்பம். சிறு அளவில் அதே அமிலம் கொண்டது. முன்சொன்ன 'ஷென்நோங் பென் சாவோ ஜிங்' இதை மேல்தரத்தில் வைத்து, நெடுநாள் உண்டால் ஆயுள் கூடும் என்கிறது. பிற்கால வைத்தியர்கள் இதன் பொடியை மிகுதியாக உண்டால் மூச்சடைக்கும் என்று கண்டு, அளவைச் சிறுத்துக் கட்டினர். உடனே தெரிந்த தீங்கை அவர்கள் தவறவிடவில்லை. சிறுநீரகத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் இல்லை.

இக்குருட்டுத்தன்மை சீனருக்கு மட்டும் உரியதன்று. அரிஸ்டோலோக்கியா என்ற பெயரே 'நல்ல பிரசவம்' என்னும் பொருள்பட்ட கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. பண்டைய கிரேக்கம் தொட்டு ஐரோப்பியர் இதைப் பேறுகால மருந்தாகக் கொடுத்துவந்தனர். அவர்களும் எதையும் கவனிக்கவில்லை. ஜெர்மனியில் நவீன மருந்து நிறுவனங்களே அரிஸ்டோலோக்கிக் அமிலம் கலந்த மருந்துகளை விற்றன. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது புற்று தோன்றியதால் 1980களின் தொடக்கத்தில்தான் அவை திரும்பப் பெறப்பட்டன. டான்யூப் ஆற்றின் கிளையாறுகளை ஒட்டிய செர்பிய, குரோவாசிய, பாஸ்னிய, பல்கேரிய, ருமேனிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஒரு சிறுநீரக நோய் இருந்துவந்தது. 1950களில் மருத்துவ உலகம் அறிந்த அந்நோய்க்குக் காரணம் அரை நூற்றாண்டு காலம் புரியவில்லை. கோதுமை வயலில் களையாக முளைத்த அரிஸ்டோலோக்கியாவின் விதைகள் அறுவடையில் கலந்து, வீட்டில் சுட்ட ரொட்டி வழியே உடலில் சேர்ந்ததே காரணம் என்பதற்கு 2007இல் வலுவான சான்று கிடைத்தது. எந்த மருத்துவ முறையும் அங்கு இடையில் இல்லை.

தைவான் தந்த எண்கள்

பதிவேடு இருந்தால் என்ன தெரியவரும் என்பதைத் தைவான் காட்டியது. 1995இல் தொடங்கிய அந்நாட்டின் தேசியச் சுகாதாரக் காப்பீடு சீன மருத்துவத்துக்கும் பணம் தருவதால், எந்த மூலிகை எவ்வளவு கொடுக்கப்பட்டது என்ற கணக்கு எஞ்சியிருந்தது. 1997 முதல் 2003 வரை நாட்டு மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அரிஸ்டோலோக்கிக் அமிலம் கொண்ட மூலிகை குறைந்தது ஒருமுறையாவது எழுதித் தரப்பட்டிருந்தது. மொத்தத்தில் 60 கிராமுக்கு மேல் மு தோங் பெற்றவர்களுக்குச் சிறுநீர்ப் பாதைப் புற்று கூடுதலாக வந்தது. குவான் மு தோங்கின் வழக்கமான நாள் அளவு 3 முதல் 6 கிராம். அப்படியானால் 60 கிராம் என்பது பத்து முதல் இருபது நாள் மருந்து. ஊரறிந்த முறையில், தேர்ந்த வைத்தியர், விதிப்படி கொடுத்த மருந்து. 'தவறாகப் பயன்படுத்தியோர் பிழை' என்ற சமாதானத்துக்கு இங்கே இடமில்லை.

மேல் சிறுநீர்ப் பாதைப் புற்று உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படும் நாடுகளுள் தைவானும் ஒன்று. அந்நோயாளிகளில் பெரும்பகுதியினரின் சிறுநீரகத்தில் அரிஸ்டோலோக்கிக் அமிலத்தின் ஒட்டு இருந்ததை 2012இல் ஆய்வாளர்கள் காட்டினர். மறு ஆண்டு வெளிவந்த மரபணு ஆய்வுகளின்படி, இப்புற்றுகளில் காணப்படும் திரிபுகளின் அடர்த்தி, புகையால் வரும் நுரையீரல் புற்றிலும் வெயிலால் வரும் தோல் புற்றிலும் காண்பதைவிட மிகுதி. 2017இல் தைவானின் 98 கல்லீரல் புற்றுகளை ஆராய்ந்தபோது 78 விழுக்காட்டில் அதே திரிபு அடையாளம் தென்பட்டது. கல்லீரல் புற்றுக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றும் அங்கு பெருங்காரணம் என்பதால், இம்மூலிகையே அத்தனை புற்றுக்கும் காரணம் என்று இந்த எண்ணைப் படிப்பது தவறு. அந்த உடல்களில் இந்த நஞ்சு புகுந்து மரபணுவைத் தொட்டது என்பது வரையில் ஐயமில்லை.

தைவான் 2003இல் முதன்மையான அரிஸ்டோலோக்கியா மூலிகைகளைத் தடைசெய்தது. சீனா ஒவ்வொன்றாக நீக்கியது. 2017 ஆய்வு எழுப்பிய பரபரப்பையடுத்து அந்நாட்டு மருந்துத் துறை இவ்வமிலம் இருக்கக்கூடிய 24 மூலிகைகளையும், அரிஸ்டோலோக்கியா சேர்ந்த 47 தயாரிப்புகளையும் பட்டியலிட்டு வெளியிட்டது. மா தோ லிங் சீன அரசு மருந்தியல் நூலிலிருந்து வெளியேறியது 2020ஆம் ஆண்டுப் பதிப்பில்தான். புற்றுநோய் ஆய்வு முகமை தீர்ப்பளித்துப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஷி ஷின் இன்னும் அந்நூலில் இருக்கிறது. அமிலம் மிகுந்த இலையை விலக்கி வேரை மட்டும் பயன்படுத்த வேண்டும் என்றும், அதில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் 0.001 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றும் விதி உள்ளது. முன்பிருந்த நிலையோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆனால் இவ்வரம்பு மூலிகையின் ஒரு கட்டுக்கு விதிக்கப்பட்டது. ஒருவர் வாழ்நாளில் எத்தனை கட்டு உண்டார் என்பதை அது அளப்பதில்லை. சிறுநீரகத்தில் ஒட்டிக்கொண்டது எளிதில் கழுவப்படாத நிலையில், பார்க்க வேண்டிய கணக்கு அந்த வாழ்நாள் கூட்டுத்தொகை. தைவானின் காப்பீட்டுப் பதிவேட்டால் அதைக் கூட்டிப் பார்க்க முடிந்தது. சீட்டின்றி வாங்கப்படும் கடைச் சரக்கை எந்தப் பதிவேடும் கூட்டுவதில்லை.